மாகேசுவர பூசை

(குடமுழுக்கு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)

 

கோபுரக் கலசங்களில் புனித நீர் சொரிந்தாயிற்று. யாகசாலைக் குண்டங்களில் வளர்ந்த தீ அடங்கிற்று. அட்டபந்தன மருந்து சாத்தப்பெற்று, எம்பெருமான் நிலைபெயராது எழுந்தருளிவிட்டான். இனி 48 நாள் மண்டலாபிடேகம் நடைபெறும். அதுவும் நிறைவெய்திய பின்னர், பந்தல் பிரிக்கப்படும். வெளியூர் அன்பர்கள் விடைபெறுவர். திருவிழாக் கூட்டம் கலையும். அதன் பின்னர் இத்திருக்கோயிலில் நாள்தோறும் நிகழ வேண்டிய தொண்டு யாது? அதனைச் சிந்திப்பதற்கு இந்நன்னாளினும் ஏற்ற நாள் பிறிதில்லை.

திருமயிலையில் நிகழ்ந்த அற்புதம் யாவரும் அறிந்ததே. அரவு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பும் சாம்பரும் நிறைந்த குடத்தைத் திருஞானசம்பந்தப் பெருமான் திருமுன்னர்க் கொணர்ந்து வைத்தார் சிவநேசர். பிள்ளையார் பதிகம் பாடினார். மயிலையில் ஆண்டு முழுவதும் நிகழும் விழாக்களை ஒவ்வொன்றாக எடுத்தோதி, அவற்றைக் காணாமலே செல்வது தகுமோ என்று அப்பெண்ணை வினவுகின்றார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று அவ்வரிசை செல்கின்றது. அவ்வரிசையில் முதலாவதாக வைக்கப்பெற்றது எது? சிவனடியார் கூட்டத்துக்கு அமுது படைக்கும் காட்சியே அது. இறுதியாகச் சொல்லப்பெற்றது எது? பெருஞ்சாந்தி. அப்பெருஞ்சாந்தி குடமுழுக்கைக் குறிப்பதாகக் கொள்வாரும் உளர். அங்ஙனம் கொள்ளுமிடத்து, அடியார்க்கு அமுதளித்தலில் தொடங்கிக் குடமுழுக்கில் நிறைவுறும் ஒரு மாலையாக அப்பதிகம் அமைந்துள்ளது. மாலையின் ஒரு முனையை இன்று கண்டு மகிழ்ந்தோர் மற்றொரு முனையையும் மறத்தலாகாது.

அடியார்க்கு அமுது செய்வித்தலை 'மாகேசுவர பூசை' என்று சைவ நன்மக்கள் வழங்குவர். இதனை விருந்து என்னாது பூசை என்று பெயரிட்டமையிலேயே இதன் உட்பொருள் விளங்கும். மகேசுவரனுடைய அடியார் மாகேசுவரர். அவர்க்குச் செய்வது மகேசுவரனுக்குச் செய்வதேயாம். திருமூலர் இதனை மிகத் தெளிவாக எடுத்துரைத்தார். கோயிலில் எழுந்தருளிய இறைவனுக்குப் படைத்தது நடமாடும் கோயிலாகிய அடியாரிடம் சென்று சேராது. அடியாருக்குக் கொடுத்ததோ கோயிலில் உறையும் இறைவனையும் சென்று சேரும் என்பது அவர் கருத்து. கோயில் வழிபாட்டைக் குறைத்துக் கூறுவது அவர் நோக்கமன்று. கொடுப்பவன் ஒரு கையால் கொடுத்தது இரண்டு இடங்களில் ஏற்கப்பெறும் வழியை அவர் காட்டினார். மெய்கண்ட தேவரும் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்தில் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அருகருகே வைத்து, இரண்டையும் இறைவன் எனவே கொண்டு தொழுமாறு விதித்தருளினார். ஆலயத்துக்குக் குடமுழுக்காட்டிய கைகள் அடியாருக்கு அமுது படைக்கத் தயங்கலாமோ?

பண்டைக் கோயில்களின் சுவர்களைக் காண்பீர்களாக. நிலம் விட்டவர், விளக்குக்கு ஆடு விட்டவர், நெல் அளந்தவர் ஆகியோர் செய்த அறங்கள் அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கும். பல சாசனங்கள் 'பன்மாகேசுவர இரட்சை' என்னும் தொடரோடு முடிவுறும். அரசன் கொடுத்த அறமாயினும் வணிகன் கொடுத்த அறமாயினும், அதனைக் காக்கும் பொறுப்பு அடியார் திருக்கூட்டத்திடமே ஒப்புவிக்கப்பட்டது. கோட்டையும் கொடியும் உடைய மன்னர், கோவண ஆடையரை நம்பித் தம் அறத்தை விட்டுச் சென்றனர். மன்னரின் கோட்டைகள் பல இன்று மண்மேடுகளாயின. அவர்கள் அடியாரை நம்பி விட்ட கோயில்களில் விளக்கு இன்னும் எரிகின்றது. கோயிலைக் காத்தவர்களுக்குக் கோயில் சோறிடுவது நன்றிக்கடனும் ஆகும்.

துறவிக்குச் சோறிடுதல் இல்லறத்தான் கடமை என்று நூல்கள் விதித்ததற்கு ஒரு காரணம் உண்டு. வைதிக நெறியில் சந்நியாசம் ஏற்பவன் அன்றுவரை தான் ஓம்பிய தீயை விட்டுவிடுகின்றான். அதன்பின் அவன் அடுப்பு மூட்டான், உலை ஏற்றான், நாளைக்கென்று ஒருபிடி அரிசியும் முடிந்து வையான். வண்டு மலருக்குத் துன்பம் இழைக்காது சிறிது சிறிதாகத் தேன் கொள்வதுபோலப் பல இல்லங்களிலும் சிறிதளவே ஏற்று உண்பதனை 'மாதுகரி' என்றனர். ஆகவே அவனுக்குத் தனியே அடுப்பில்லை. ஊரிலுள்ள அடுப்புகள் எல்லாம் அவன் அடுப்புகளே. பட்டினத்தடிகளையும் பத்திரகிரியாரையும் பற்றித் திருவிடைமருதூரில் வழங்கும் வரலாற்றை நினைவு கூர்க. கிழக்கு வாயிலில் பட்டினத்தார் இருந்தார். மேற்கு வாயிலில் ஓர் ஓட்டையும் ஒரு நாயையும் வைத்துக்கொண்டு பத்திரகிரியார் இருந்தார். தம்மிடம் ஐயம் கேட்டு வந்தவரை, 'மேலை வாயிலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் செல்க' என்று பட்டினத்தார் அனுப்பிவைத்தாராம். சோற்றுச் சட்டி ஒன்று இருந்தாலும் அது உடைமையே என்னும் அளவுக்குத் துறந்தவர்கள், இல்லறத்தானின் அன்பை நம்பியே உயிர் வாழ்ந்தனர். திருவள்ளுவரும் துறந்தாருக்குத் துணையாவதை இல்வாழ்வானின் கடமைகளுள் ஒன்றாக வைத்தார். பசியைப் பொறுக்கும் தவத்தினும் பிறர் பசியை மாற்றும் அறம் பெரிது என்றும் உணர்த்தினார். தவம் செய்ய இயலாத இல்லறத்தானுக்கு இதனினும் ஆறுதலான செய்தி வேறு யாது?

இனி, இப்பூசை செய்யும் முறை. அடியாரை எதிர்கொண்டு அழைத்தல், திருவடி விளக்குதல், ஆசனம் அளித்தல், திருநீறும் சந்தனமும் மலரும் வழங்குதல், தீபம் காட்டுதல், இலையிட்டு அமுது படைத்தல், கைந்நீர் அளித்துத் தாம்பூலமும் தட்சிணையும் தருதல் என்று கருவறைப் பூசையை ஒத்தே இதன் முறையும் வகுக்கப்பெற்றது. பூசை செய்தவன் எல்லோரும் உண்டபின் இறுதியில் உண்பான். இம்முறைகளின் உயிர் யாது என்பதை நாயன்மார் வரலாறுகள் காட்டுகின்றன.

வறுமை இதற்குத் தடையன்று எனக் காட்டினார் இளையான்குடி மாறனார். செல்வம் எல்லாம் தொலைந்து, மழை கொட்டும் நள்ளிரவில் அடியார் ஒருவர் வந்தபோது, அவர் இல்லத்தில் அரிசி இல்லை, விறகும் இல்லை. அன்று பகலில் விதைத்த முளை நெல்லை வயலிலிருந்து வாரிக் கொணரலாம் என்று வழி சொன்னவர் அவருடைய மனைவியார். கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மாறனார் இருளில் நடந்தார். வீட்டுக் கூரையின் வரிச்சுகள் விறகாயின. ஈர நெல்லை வறுத்துக் குற்றி அரிசியாக்கினார் அவ்வம்மையார். பறித்து வந்த இளங்கீரையையே பலவகைக் கறியமுதாகச் சமைத்தார். அடுத்த போகத்தின் விளைச்சலை அன்றிரவே அடியார் இலையில் வைத்துவிட்டனர் அத்தம்பதியர். மாறனாரின் பெருமையைப் பேசுவோர் அவ்வம்மையாரை மறத்தல் கூடாது. எந்த மடைப்பள்ளியிலும் அறத்தின் பாதிக்கு மேல் சமைப்பவர் கையிலேதான் இருக்கின்றது.

விருந்தினர் உள்ளம் நோவாமை வேண்டும் எனக் காட்டினார் திங்களூர் அப்பூதியடிகள். திருநாவுக்கரசர் அமுது செய்ய வாழையிலை அரியச் சென்ற மூத்த மகன் அரவு தீண்டி இறந்தான். அவன் உடலை மறைத்து வைத்துவிட்டு, அரசரை அமுது செய்ய அழைத்தனர் பெற்றோர். தம் துயரம் அடியாரின் உணவுக்கு இடையூறாகி விடுமோ என்பதே அவர்களுக்குப் பெருந்துயராயிற்று. அரசர் உண்மையை அறிந்து, திருப்பதிகம் பாடி மகனை எழுப்பியருளினார். அத்தகைய உள்ளத்தை எல்லோரும் அடைதல் அரிது. ஆயினும், அகப்பையை ஏந்தி நிற்பவர் முகத்தில் கடுகடுப்பு இல்லாதிருத்தல் எவர்க்கும் அரிதன்று.

காலம் தாழ்த்தலாகாது எனக் காட்டுவது திருவீழிமிழலை வரலாறு. பஞ்சம் வந்த காலத்தில் சம்பந்தரும் அப்பரும் அத்தலத்தில் தங்கி, தத்தம் திருமடங்களில் அடியார்க்கு அமுதளித்து வந்தனர். இறைவன் நாள்தோறும் கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் ஒவ்வொரு பொற்காசு வைத்தருளினான். அப்பர் மடத்தில் அமுது உரிய நேரத்தில் நடந்தது. சம்பந்தர் மடத்தில் தாமதமாயிற்று. காரணம் வினவினார் பிள்ளையார். அப்பருக்குக் கிடைத்த காசு வட்டம் இல்லாமல் மாறியது. அவருடைய காசுக்கோ கடைவீதியில் வாசி கேட்டார்கள். அதனை மாற்றிப் பண்டங்கள் வாங்குவதற்குள் பொழுது ஏறிவிட்டது. அப்பரோ உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்பவர். ஆதலின் அவருக்கு நற்காசு வந்தது என்பர். சம்பந்தர் உடனே இறைவனிடம் பதிகம் பாடி, வாசி தீர்ந்த காசு பெற்றார். பசித்த அடியார் சிறிது நேரம் இலையின் முன் காத்திருத்தலைப் பொறாமல், இறைவன் கொடுத்த காசையே மாற்றித் தரும்படி வேண்டினார் அவர். இன்றோ நன்கொடையாளர் வந்து முதல் அகப்பை இடும்வரையில் நூறு பேர் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கும் காட்சி சில இடங்களில் காணப்படுகின்றது. திருவீழிமிழலையை நினைப்பவர் அங்ஙனம் செய்யத் துணியார்.

பண்டாரத்தைத் திறந்துவிடும் மனம் வேண்டும் எனக் காட்டினார் கொடும்பாளூர் மன்னர் இடங்கழியார். அடியார்க்கு அமுதளிக்க நெல் கிடைக்காத ஒருவர் அரண்மனைக் கொட்டாரத்தில் இரவிற் புகுந்து நெல் எடுத்துக் காவலரிடம் அகப்பட்டார். காரணத்தைக் கேட்டறிந்த மன்னர், இவரன்றோ என் பண்டாரம் என்று வியந்து, அடியார் யாவரும் வேண்டியதை எடுத்துக் கொள்க என்று பறையறைவித்தார்.

அடியாரைப் போலவே வழிபோக்கரான யாத்திரிகரும் போற்றத் தக்கவர். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கால்நடையாகச் சென்ற மக்களுக்கு இந்நாட்டுச் சத்திரங்களே தாய்வீடுகளாயின. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி 1801-ஆம் ஆண்டில் ஆங்கிலேய ரெசிடெண்டுக்குத் தம் முன்னோர் அமைத்த சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் விடுத்தார். இராமேசுவர வழியிலுள்ள சத்திரங்களில் எக்குலத்தாராயினும், யோகியராயினும், சங்கமராயினும், பைராகிகளாயினும் சோறு பெற்றனர் என்றும், சமைத்த சோற்றை ஏலாதவர்க்கு அரிசியும் பண்டங்களும் அளிக்கப்பெற்றன என்றும் அதில் எழுதினார். நோயுற்றோர்க்கு மருந்தும் பத்தியமும், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு உணவும் கல்வியும் வழங்கப்பெற்றன. எல்லாவற்றினும் நெஞ்சை உருக்குவது ஒரு செய்தி. நள்ளிரவில் சத்திரத்து மணி ஒலிக்கும். 'இன்னும் உண்ணாதவர் எவரேனும் உளராயின் வருக' என்று கூவி அழைப்பர். அழைத்து, அவர்க்கென வைத்த சோற்றை இடுவர். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரமும் அம்மன்னர் காலத்து அறமே.

காசியிலே அன்னபூரணியின் முன் பிட்சாடனராகக் கையேந்தி நின்றான் விசுவநாதன் என்று புராணம் கூறும். உலகுக்கெல்லாம் படியளப்பவனே ஏற்பவனாக நின்றான் எனில், ஏற்பவர் எவரையும் இழிவாகக் கருதுதல் கூடுமோ? அக்காசித் திருநகரில் நாட்டுக்கோட்டை நகரத்தார் 1863-ஆம் ஆண்டில் சத்திரம் நிறுவி, தென்னாட்டிலிருந்து செல்லும் யாத்திரிகர்களுக்கு உறையுளும் உணவும் கிடைக்கச் செய்தனர். மொழி அறியாத ஊரில், வழிக்களைப்போடு வந்தவனுக்குத் தமிழில் 'உண்ண வாருங்கள்' என்று ஓர் அழைப்புக் கேட்குமாயின், அன்னபூரணியின் குரல் அதுவேயாகும்.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் கூடாது. பல அன்னசத்திரங்களில் ஒரு குலத்தாருக்கு மட்டுமே சோறு இட்டனர். வேறு சில இடங்களில் உள்ளே ஒரு பந்தியும் வாயிற்புறத்தே ஒரு பந்தியும் நடந்தன. வாயிலுக்கு வெளியே நின்றவர்களும் அதே சிவனின் பிள்ளைகளே. இந்த வேறுபாட்டை அறுத்தெறிந்து, 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார் இராமலிங்க வள்ளலார். சாதி, சமயம், ஊர் எதுவும் வினவாமல், பசி என்னும் ஒன்றே சீட்டாக, அங்கே சோறு வழங்கப்பெற்றது. அன்று அவர் மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றளவும் எரிகின்றது. 1939-ஆம் ஆண்டில் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலின் கதவுகள் யாவர்க்கும் திறந்தன. 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தது. 2002-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு அறநிலையத் துறைக் கோயில்கள் பலவற்றில் அன்னதானத் திட்டம் நடந்து வருகின்றது. கோயிற் கதவு எல்லோர்க்கும் திறந்தபின், பந்தியில் மட்டும் ஒரு தாழ்ப்பாள் இருத்தல் ஒவ்வாது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 'காவி உடுத்தவர் எல்லோரும் துறவிகளா? உழைக்க மனமில்லாதவரும் பந்தியில் அமர்கின்றனரே. அவருக்கும் இடுவது புண்ணியமாகுமா?' என்று வினவும் அன்பர் உளர். வினா நியாயமானதே. அதற்கு விடை தம் உயிரையே கொடுத்துச் சொன்னார் திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனார். திருநீறு பூசி, வஞ்சம் மறைத்து வந்து, தம்மைக் குத்திய முத்தநாதனையும், திருவேடம் தாங்கியவன் என்னும் காரணத்தால் ஊறின்றி எல்லை கடத்திவிடத் தத்தனுக்கு ஆணையிட்டார் அவர். வேடம் பொய்யாக இருக்கலாம், பசி பொய்யாவதில்லை. பண்பினை ஆராய்ந்து பதவி அளிக்கும் பொறுப்பு வேறு. பந்தியில் அமர்ந்தவனுக்குச் சோறிடும் பொறுப்பு வேறு. நிலத்தையும் பொன்னையும் தருமிடத்துத் தகுதி காணுதல் முறையே. சோற்றுக்குத் தகுதி பசி ஒன்றே. தகுதியற்ற ஒருவனை விலக்க எண்ணிக் கதவடைத்தால், அதே கதவு தகுதியுள்ள ஒன்பதின்மரையும் விலக்கிவிடும். அந்த ஒன்பதின்மருள் இளையான்குடிக்கு நள்ளிரவில் வந்தவன் ஒருவனாக இருந்துவிடின், யாது செய்வது?

திருப்பணிச் செல்வர்களே! உங்கள் திருப்பெயர்கள் இத்திருக்கோயிலின் கற்பலகைகளில் பொறிக்கப்பெற்றுள்ளன. அது முறையே, பின்வருவோர்க்கு அது ஊக்கமளிக்கும். ஆனால் சோற்றிலே பெயர் எழுத முடியாது. இட்ட சோறு உண்டவன் வயிற்றில் மறைந்துவிடும். அவன் அடுத்த ஊருக்குப் போய்விடுவான். இட்டவர் இன்னார் என்று அவன் அறியவும் மாட்டான். பெயர் நில்லாத இவ்வறத்தில்தான் 'யான்', 'எனது' என்னும் செருக்கு எளிதிற் கரைகின்றது. அதனாலேயே இது வெறும் கொடையாகாமல் பூசையாயிற்று. கொடுப்பவன் ஏற்பவனுக்கு உயிரை வளர்க்கின்றான். ஏற்பவன் கொடுப்பவனுக்கு ஆணவத்தை அறுக்கின்றான். எவன் பெற்றது பெரிது என்பதை எண்ணிப் பார்த்தால், இலையின் முன் அமர்ந்தவனைத் தொழாமல் இருத்தல் இயலுமோ?

இத்தொண்டு செல்வர்க்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு வீட்டிலும் உலைக்கு அரிசி களையுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலத்தில் இட்டு வைத்து, வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கு அனுப்பும் பிடியரிசிப் பழக்கம் இந்நாட்டில் உண்டு. ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் எவரும் பசித்திருந்ததில்லை. நூறு வீட்டுப் பிடியரிசி சேர்ந்தால், நடந்து வரும் ஓர் அடியார் திருக்கூட்டம் பசியாறும். நெல் உடையோர் நெல் தருக. விறகு உடையோர் விறகு தருக. ஒன்றும் இல்லாதோர் காய் நறுக்கவும், நீர் இறைக்கவும், எச்சில் இலை எடுக்கவும் வருக. எச்சில் இலை எடுப்பவரே இப்பூசையின் நிர்மாலியம் களைபவர். அவர் தொண்டு எவர் தொண்டுக்கும் குறைந்ததன்று.

மண்டலாபிடேகம் நிறைவுறும் நாளில் யாகசாலைப் பந்தல் பிரியும். அந்த நாளில் இத்திருக்கோயிலின் மடைப்பள்ளி அடுப்பு நித்திய அன்னத்துக்காக மூட்டப்பெறுமாயின், குண்டத்தில் வளர்த்த வேள்வித்தீ அணையவில்லை, இடம் மாறியது என்றே கொள்ளலாம். இரவில் திருக்கதவம் சாத்துமுன் ஒருவர் வாயிலில் நின்று, 'உண்ணாதவர் உளரோ?' என்று ஒருமுறை குரல் கொடுப்பாராக. இல்லை என்னும் அமைதி ஊரெங்கும் நிலவும் நாளே இக்குடமுழுக்கின் நிறைவு நாளாகும்.

அடியார் திருக்கூட்டம் வாழ்க! அமுது படைக்கும் கைகள் வாழ்க! எல்லாம் வல்ல அம்மையப்பன் திருவருளால் இவ்வூரில் மழை பொழிக, வயல் விளைக, பசியும் பிணியும் பகையும் நீங்குக!

திருச்சிற்றம்பலம்.